ராமேஸ்வரத்தில் அழுதேன்

அப்பாவுக்கு வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான். இனி மீள வழியே இல்லை என்று டாக்டர்கள் சொன்ன பிறகுதான் போட்டேன். ஆனாலும் பதினாறாம் நாள் காரியத்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால், "அப்பாவை நீதானேக்கா அனுப்பி வச்ச" என்றான் தம்பி. அதோடு பேச்சு நின்றது. வீட்டுப் பத்திரச் சண்டையும் சேர்ந்துகொண்டது. அம்மா நடுவில் கிடந்து அல்லாடினார்.

எனக்குத் தூக்கமே போய்விட்டது. சாமி கும்பிடவும் மனசு வரவில்லை.

தை அமாவாசைக்கு அம்மா பிடிவாதமாக எங்கள் இருவரையும் ராமேஸ்வரம் கூட்டிப்போனார். அக்னி தீர்த்தக் கரையில் தம்பி தர்ப்பணம் கொடுத்தான். கை நடுங்கி, எள் விரல் இடுக்கிலேயே ஒட்டிக்கொண்டது. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை அவன். அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளி வாளியாகத் தலையில் ஊற்ற ஊற்ற, வாய்விட்டு அழுதேன்.

ராவணனைக் கொன்ற தோஷம் தீர ராமர் சிவனைப் பூசித்த இடம் என்பது சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. செய்தே ஆக வேண்டியதைச் செய்தவருக்கும் மனசு உறுத்தியிருக்கிறது. அந்தப் பாரத்தோடு வந்து நிற்க அவருக்கும் ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. சரி, நானும் நிற்கலாம் என்று தோன்றியது.

துக்கம் தீர்ந்துவிடவில்லை. பத்திர விவகாரமும் அப்படியே கிடக்கிறது. ஆனால் தினமும் விளக்கேற்றுகிறேன், தூங்குகிறேன். நேற்று தம்பி போன் செய்தான்: "ஆடி அமாவாசைக்கு டிக்கெட் நான் போட்டுடறேன்க்கா."