எத்தனை கூர்மை போதும்?

ஆல்பைன் பனிச்சறுக்கு வீரர் ஒருவரின் தொழில் வாழ்க்கை அவர் கால்களை மட்டும் நம்பி ஓடுவதில்லை. முந்தின இரவு அவருடைய பலகைகளுக்குச் சாணை பிடித்து, மெழுகிட்டு, காலையில் தோளில் சுமந்து மலையுச்சிக்குக் கொண்டுபோகிறவர் ஒருவர் உண்டு. சர்வீஸ்மேன் என்பார்கள். பெரும்பாலும் அவருக்குச் சம்பளம் தருவது அட்டாமிக், ஹெட், ரோசினோல் போன்ற பலகை நிறுவனங்கள்தான். உலகக் கோப்பை அக்டோபர் கடைசியில் ஆஸ்திரியாவின் சோல்டனில் தொடங்கி மார்ச் வரை ஊர் ஊராக நகரும். கூடவே இவரும் நகர்வார்.

வேலையின் உயிர், பலகையின் அடியோரம் நெடுகப் பதித்த எஃகு விளிம்பில் இருக்கிறது. அதற்கு இரண்டு கோணங்கள். அடிப்பக்கக் கோணம் அரை டிகிரி முதல் ஒரு டிகிரிக்குள் இருக்கும். பக்கவாட்டுக் கோணம் 3 டிகிரி அல்லது அதற்குச் சற்று மேல். பக்கவாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் தீட்டிச் சரிசெய்யலாம். அடிப்பக்கம் அப்படியல்ல. ஒரு முறை அதிகமாக அராவிவிட்டால், அடிப்பரப்பு முழுவதையும் கல்லில் கொடுத்துத் தேய்த்தால்தான் பழைய கோணம் திரும்பும். ஒவ்வொரு தேய்ப்பிலும் எஃகு மெலிகிறது, பலகையின் ஆயுள் குறைகிறது. புதிதாக வருகிறவர்கள் கைதவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

வரிசை இது. விளிம்புக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் சுவரை முதலில் சீவிவிட வேண்டும், இல்லையென்றால் அரம் எஃகைத் தொடாது. கல்லில் மோதிய இடத்தில் எஃகு இறுகிப்போய் அரம் வழுக்கும். அங்கே வைரக்கல்லை முதலில் ஓட்ட வேண்டும். பிறகு கோணச் சட்டத்தில் பொருத்திய அரம், அதற்குப் பின் தண்ணீர் தொட்டு வைரக்கற்கள், கரடிலிருந்து நைசுக்கு. கடைசியாகப் பிசிறு எடுப்பது. கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றுவிட்டால் முதல் சில வளைவுகளில் கூர்மை போலத் தோன்றும், பிறகு மடங்கி மழுங்கிவிடும். நகத்தை விளிம்பில் இழுத்து, சீவல் விழுகிறதா என்று பார்ப்பது இன்றும் நம்பகமான சோதனை.

சரி, எத்தனை கூர்மை போதும்? இதற்கு ஒரே விடை கிடையாது. நெருக்கமாக நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தின் தடங்களில் பனிக்குள் தண்ணீரைச் செலுத்தி உறைய வைக்கிறார்கள், கடைசியில் வருகிறவருக்கும் தடம் உடையாமல் இருக்க. கண்ணாடி போன்ற அந்தப் பரப்பில் விளிம்பு கத்தியாக இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில், பீவர் கிரீக் போன்ற இடங்களில், பனி குளிர்ந்தும் உலர்ந்தும் இருப்பதால் தானாகவே பலகையைக் கவ்வும். ஐரோப்பியப் பனிக்கட்டிக்குத் தீட்டிய விளிம்போடு அங்கே இறங்கினால் வளைவிலிருந்து பலகை விடுபடாது. அதனால் முன் முனையிலும் பின் முனையிலும் ரப்பர் கல்லால் மெல்ல மழுக்குகிறார்கள். முதலில் இறங்கிய சில வீரர்களைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர்கள் கீழிருந்து ரேடியோவில் சொல்வதைக் கேட்டு, தொடக்க மேடையிலேயே இதைச் செய்வதும் உண்டு.

இது நேரத்தைப் பற்றிய கவலை மட்டுமல்ல, முழங்காலைப் பற்றியது. வளைவில் வெளிப்பக்கப் பலகை பனியிலிருந்து பிடி விட்டு, அடுத்த கணம் உள்விளிம்பு சடாரென்று கவ்வினால் முழங்கால் உள்நோக்கி முறுக்கிக்கொள்ளும். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்துபோகும் முக்கிய வழிகளில் இது ஒன்று. பலகைகள் இவ்வளவு ஆவேசமாகத் திரும்புவதைக் குறைக்கத்தான் 2012-13 பருவத்தில் ஆண்கள் ஜெயண்ட் ஸ்லாலம் (கம்பங்கள் சற்று அகலமாக நிற்கும் ஸ்லாலம்) பலகையின் குறைந்தபட்ச வளைவு ஆரத்தை 35 மீட்டராக உயர்த்தினார்கள்; ஆரம் கூடினால் பலகை அகலமாகத் திரும்பும். வீரர்கள் பலர் எதிர்த்தார்கள். 2017-18இல் அது 30 மீட்டருக்கு இறங்கியது. விதி ஆரத்தைக் கட்டுப்படுத்தலாம், கூர்மையைக் கட்டுப்படுத்தாது. அந்தப் பொறுப்பு சாணை பிடிக்கும் கையில் இருக்கிறது. வீரரின் முழங்காலை மறந்துவிட்டு விளிம்பைத் தீட்டுகிறவர், எவ்வளவு கைநேர்த்தி இருந்தாலும், என் கணக்கில் அரைத் தொழிலாளிதான்.

பலகை வழுக்குவதற்காக அடியில் பூசும் மெழுகு, நீண்ட தடத்தில் அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் பந்தயத்தில்தான் பெரிதாகப் பேசும். சுவிட்சர்லாந்தின் வெங்கன் தடம் நாலரைக் கிலோமீட்டருக்கு நெருக்கம், இறங்க இரண்டரை நிமிடம். 2013இல் பிரெஞ்சு வீரர் யோஹன் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது அங்கேதான். ஆனால் பந்தயத்தைத் தோற்பது பெரும்பாலும் சமதளப் பகுதிகளில். ஒரே அச்சில் வந்த இரண்டு ஜோடிகள் ஒரே மாதிரி வழுக்குவதில்லை. நேராக ஓடவிட்டு நேரம் பார்த்து, வேகமான ஜோடியைப் பந்தய நாளுக்கென்று ஒதுக்கிவைப்பார்கள். அடிப்பரப்பில் கல்லால் கீறும் வரிகளும் முக்கியம்: குளிர்ந்த உலர் பனிக்கு நுண்வரி, ஈரப்பனிக்கு ஆழவரி. வரி போதாவிட்டால் ஈரப்பனியில் நீர்ப்படலம் பலகையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மெழுகு உருக்கும் இஸ்திரிப்பெட்டி புகைந்தால் சூடு அதிகம். அடியிலுள்ள பாலிஎத்திலீன் கருகினால் பிறகு மெழுகைக் குடிக்காது.

2023-24 பருவத்திலிருந்து, நீரை விலக்கி வேகம் கூட்டும் புளோரின் கலந்த மெழுகுக்குத் தடை. மறைக்க முடியாது, கருவியால் அளக்கிறார்கள். பழைய தூரிகையில் ஒட்டியிருக்கும் மிச்சம்கூட ஆபத்து என்பதால் பட்டறை முழுவதையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்திலேயே, சோல்டனில், ஒரு வீராங்கனை இதனால் தகுதியிழந்தார்.

பந்தயம் முடிந்ததும் பலகைகளைத் துடைத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, மெழுகைச் சுரண்டாமல் தடிப்பாகப் பூசி, விளிம்பு துருப்பிடிக்காதபடி மூடிவிடுவார்கள். இரண்டிரண்டாகப் பட்டை போட்டுப் பையில் ஏற்றுவதற்கு முன் குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: ஜோடி எண், பனியின் வெப்பநிலை, காற்றின் ஈரம், இரண்டு கோணங்கள், வீரர் கீழே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை.