யாழ்ப்பாண வெயிலில் பவளத் தொட்டி: 25 வேண்டாம், 27 போதும்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிற எவரும் முதலில் வாசிப்பது "தண்ணீர் 25 பாகையில் இருக்க வேண்டும்" என்பதைத்தான். அதை எழுதியவர் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரராக இருப்பார், அவருடைய கவலை ஹீட்டர். இங்கே சித்திரை மாதம் மத்தியானத்தில் வீட்டு அறைக்குள்ளேயே 32, 33 காட்டும். வருடப்பிறப்பை ஒட்டி சூரியன் நேர் உச்சியில் நிற்கிற ஊர் இது. இங்கே 25ஐப் பிடிக்க நினைத்தால் ஒன்று சில்லருக்கும் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) கரண்ட் பில்லுக்கும் காசைக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் விடிய 26, பின்னேரம் 29 என்று தண்ணீர் தினமும் ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் பவளத்தை வாட்டி எடுக்கிறது. நான் சொல்வது 27. சித்திரை, வைகாசியில் மெல்ல மெல்ல 28க்குப் போனாலும் போகட்டும், ஆனால் ஒரே நாளுக்குள் ஒரு பாகைக்கு மேல் ஆடக் கூடாது.

எங்கள் பக்கத்துக் கடலும் 25இல் நிற்பதில்லை, வருடத்தில் பெரும்பகுதி 27க்கு மேலேதான். பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு செய்து கொடுக்கிறது. அந்தக் கடலின் வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும், பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப் போகும். 1998இல் தென்னிலங்கையின் ஹிக்கடுவைப் பவளப் பார்களில் நடந்தது இதுதான். ஆகவே 30 என்பது தொடக் கூடாத கோடு. 28இல் வைத்தால் அதற்கு இரண்டு பாகைதான் இடைவெளி, ஒரு மோட்டர் பழுதானாலே அது போய்விடும். அதனால்தான் 28 என்று சொல்லாமல் 27 என்கிறேன்.

சரி, 27இல் எப்படி நிறுத்துவது? முதல் ஆயுதம் ஃபேன். நீர்மட்டத்துக்கு மேலே சாய்வாக ஒரு சின்ன ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகிற தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். ஒரு லீற்றர் ஆவியானால் அது கொண்டுபோகும் சூடு 100 லீற்றரை ஐந்து பாகைக்கு மேல் இறக்கப் போதும், வெளியிலிருந்து சூடு திரும்ப உள்ளே வராவிட்டால். வரும் என்பதால்தான் நடைமுறையில் இரண்டு, மூன்று பாகையோடு நின்றுவிடுகிறது.

ஃபேனுக்கு ஒரு எல்லை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஈரக் குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காற்றில் காட்டுவது, நினைவிருக்கிறதா? எத்தனை ஃபேன் பூட்டினாலும் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. காற்று 32 பாகை, ஈரப்பதன் 70 வீதம் என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 27.5. அதே சூட்டில் ஈரப்பதன் 80 வீதமானால் 29ஐ நெருங்கிவிடும். மழைக்கு முந்திய புழுக்கத்தில் எங்கள் உடம்பு வியர்வையே காயாது, அன்றைக்குத் தொட்டி ஃபேனும் சும்மா சுற்றும். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் யன்னலைத் திறந்துவிட்டால் நிலைமை வேறு, காற்றோட்டம் ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும், சின்ன ஃபேனே போதும். மூடிய அறைக்குள் ஃபேன் போடுகிறவர்கள் தொட்டியில் இருந்து போன ஈரத்தையே திரும்பத் தொட்டிமேல் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், இல்லாவிட்டால் மீன் துள்ளி நிலத்தில் கிடக்கும். ஃபேனை எஸ்டிசி 1000 மாதிரி ஒரு மலிவான கொன்ட்ரோலரில் பூட்டி 27க்கு வைத்தால் அதுவே போட்டு அதுவே நிறுத்தும். ஆனால் அதன் சென்சரை அப்படியே நம்ப வேண்டாம், இன்னொரு தெர்மாமீட்டரோடு ஒத்துப் பாருங்கள், ஒரு பாகை பிழை காட்டுவது சாதாரணம். ஃபேனை அடிக்கடி துடைக்கவும் வேண்டும். இறக்கைகளின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்கும், பிறகு திருகாணி துருப்பிடிக்கும், பிறகு ஒருநாள் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். உப்புக் காற்றில் இது தப்பாது, மாற்று ஃபேன் ஒன்று அலுமாரியில் இருக்கட்டும். (அம்மாவின் கேள்வி வேறு: "தம்பி, எங்களுக்கில்லாத காத்து மீனுக்கோ?")

ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். 200 லீற்றர் தொட்டியில் ஃபேன் ஓடினால் நாளுக்கு மூன்று, நான்கு லீற்றர் போகலாம். நிரப்பாமல் விட்டால் சூட்டைப் பிடித்து உப்பைக் கோட்டை விட்ட கதைதான். நிரப்புவது நன்னீரால், கடல்நீரால் அல்ல. அதற்காகக் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு ஊற்றவும் வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், தோட்டங்களுக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்று கிணறுகளில் இருக்கிறது, தொட்டிக்குள் பாசி மண்டிவிடும். ஆர்ஓ தண்ணீர்தான் சரி. மிதவை வால்வு ஒன்று பூட்டினால் அது கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

ஃபேனுக்கு வேலை குறைய வேண்டுமென்றால் தொட்டிக்குள் சூடு வரும் வழிகளை அடைக்க வேண்டும். பிளாற் (கொங்கிறீற்) கூரைக்கு நேர் கீழே மேல்மாடியில் வைக்காதீர்கள், பகல் முழுக்க வாங்கிய வெயிலை அந்தப் பிளாற் இரவு பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். ஓட்டு வீட்டின் நடு அறை, அல்லது பக்கத்தில் வேம்பு நிழல் விழும் சுவரோரம் நல்லது. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பழைய மோட்டர் தன் சூட்டை முழுக்கத் தண்ணீருக்கே கொடுக்கும், குறைந்த வாற்று டிசி மோட்டருக்கு மாறுங்கள். விளக்கைக் காலையில் போடவேண்டும் என்று பவளம் கேட்பதில்லை. வெயில் தாழ்ந்த பிறகு போட்டு நடுச்சாமத்தில் அணைத்தால் விளக்கின் சூடும் பகல் சூடும் ஒன்றாகச் சேராது.

சில்லர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அது தண்ணீரில் இருந்து இழுத்த சூட்டை அறைக்குள்தான் கொட்டுகிறது. தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டு ஓயாமல் ஓடும். வீட்டில் ஏசி அறை இருந்தால் என் தெரிவு அதுதான். ஏசி காற்றின் ஈரத்தையும் பிழிந்து எடுப்பதால், உச்சி வெயில் நேரத்தில் 28இல் ஓடினாலே சாதாரண ஃபேன் தண்ணீரை நன்றாக இறக்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஹீட்டர் என்றால் சிரிப்பார்கள். ஆனால் வாடை தொடங்கி மார்கழி, தையில் விடிகாலை வெளியே 22க்கு இறங்கும், தண்ணீர் 24, பகலில் திரும்ப 26. இதுவும் ஆட்டம்தான். 100 வாற்று ஹீட்டர் ஒன்றை 26க்கு வைத்துவிடுங்கள். பெரிய வாற்று வேண்டாம், அணையாமல் சிக்கிக்கொண்டால் தொட்டி சொதியாகிவிடும்.

கடைசியாகக் கரண்ட். 2022 பங்குனியில் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள், அதை நினைத்துத்தான் எதையும் திட்டமிட வேண்டியிருக்கிறது. அப்போது முதலில் வரும் ஆபத்து சூடு அல்ல, ஒட்சிசன். சூடான தண்ணீரில் அது குறைவாகவே கரையும், மோட்டரும் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பற்றரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை முதலில் வாங்குங்கள், இன்வேட்டர் பிறகு பார்க்கலாம். ஐஸ் கட்டியை நேரே போடாமல் மூடிய போத்தலில் உறையவைத்து மிதக்கவிடுங்கள். ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று முழுக்க உருகினாலே 200 லீற்றர் தொட்டியை ஒரு பாகைக்குக் கிட்ட இறக்கிவிடலாம், அதனால் ஒரே நேரத்தில் நாலைந்தைப் போடாமல் ஒன்று உருகிய பின் அடுத்தது, அதுவும் 28.5ஐத் தாண்டினால் மட்டும்.