வழக்கில் வென்று பள்ளி மாவட்டத்தை இழந்த லேக் வியூ

சிறிய கிராமப்புறப் பள்ளிகளில் படிப்பு சரியில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் நடந்த லேக் வியூ வழக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணையும் அவர்களுக்கு வழங்கப்பட்ட வசதிகளையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை, அந்த வழக்கில் 2002 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் போல இவ்வளவு விவரமாகச் சொன்ன வேறோர் அரசு ஆவணத்தை நான் படித்ததில்லை.

லேக் வியூ, மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய டெல்டா சமவெளியில், பிலிப்ஸ் கவுண்டியில் இருக்கும் சிற்றூர். 1930களின் பெருமந்தக் காலத்தில், நிலமற்ற கறுப்பின உழவர்களைக் குடியமர்த்துவதற்காகக் கூட்டாட்சி அரசு வகுத்த திட்டத்தில் உருவான ஊர் அது. பருத்தி வயல்களுக்கு இயந்திரங்கள் வந்த பிறகு டெல்டாப் பகுதி முழுவதும் வேலையும் மக்கள்தொகையும் குறைந்துகொண்டே வந்தன. அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளைப் பெரும்பாலும் நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்னும் தனி அமைப்பு. ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு அதை நிர்வகிக்கிறது. அந்த எல்லைக்குள் வசூலாகும் சொத்து வரி அதன் வருவாயில் முக்கியமான பங்கு வகிக்கிறது. சொத்து மதிப்பு குறைந்த ஊரில் அதே விகிதத்தில் வரி விதித்தாலும் கைக்கு வரும் தொகை சொற்பமே. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய மாநில அரசு போதிய அளவுக்கு நிரப்பவில்லை என்பதுதான் லேக் வியூ பள்ளி மாவட்டம் 1992இல் தொடுத்த வழக்கின் சாரம். ஆர்கன்சாவுக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1983இலேயே வேறொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், பள்ளிகளுக்கு நிதி பகிரும் முறை அரசமைப்புக்கு முரணானது என்று கூறியிருந்தது.

2002 தீர்ப்பு லேக் வியூ பள்ளியின் நிலையை வரிசையாக எடுத்துரைக்கிறது. உயர்நிலை வகுப்புகளின் கணிதப் பாடங்கள் அனைத்தையும் கற்பித்தவர், உரிய சான்றிதழ் பெறாத ஒரே ஆசிரியர். மாற்று ஆசிரியர் என்ற நிலையில் அவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் ஊதியம். போதாததற்குப் பள்ளிப் பேருந்தும் ஓட்டி இன்னொரு 5,000 டாலர் சம்பாதித்தார். முக்கோணவியல் வகுப்பில் எல்லோருக்கும் கணிப்பான் இல்லை, வடிவியல் கற்பிக்கக் கவராயம் இல்லை, அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, தாளும் போதவில்லை. பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறும் அளவுக்கு வறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்து கல்லூரிக்குச் சென்றவர்கள் அனைவருமே, நூற்றுக்கு நூறு பேர், பள்ளிப் பாடங்களைத் திரும்பப் படிக்கும் அடிப்படை வகுப்புகளில் சேர வேண்டியிருந்தது.

அந்த நூறு விழுக்காட்டை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பவர், பள்ளியையோ பிள்ளைகளையோதான் குறை சொல்வார். கவராயம் இல்லாத வகுப்பறையையும் பேருந்து ஓட்டிவிட்டு வந்து முக்கோணவியல் கற்பித்த ஆசிரியரையும் சேர்த்துப் பார்ப்பவரால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஆசிரியர்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. அவர் இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பே இருந்திருக்காது. நீதிமன்றமும் பழியை அவர்மீது போடவில்லை. பொதுவானதும் தகுந்ததும் திறன்மிக்கதுமான இலவசப் பள்ளிக் கல்வியை அளிக்கும் கடமையை ஆர்கன்சாவின் அரசமைப்பு மாநிலத்தின்மீதே சுமத்தியிருக்கிறது, அதை உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்க முடியாது என்று கூறி, நிதிமுறையைச் சீர்செய்ய 2004 ஜனவரி 1 வரை அவகாசம் தந்தது.

மாநிலம் பணம் ஒதுக்கியது உண்மை. விற்பனை வரி உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு மாணவருக்கும் அடிப்படைத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. அது போதுமானதா என்பதைச் சட்டமன்றம் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று சட்டம் வந்தது. இவை பெரிய மாற்றங்கள் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே அலையில் இன்னொன்றும் வந்தது. அப்போது மாநிலத்தில் சுமார் 310 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. ஆளுநர் மைக் ஹக்கபீ, 1,500 மாணவர்களுக்குக் குறைவான மாவட்டங்களை இணைக்கத் திட்டமிட்டார். கிராமங்களில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு சட்டமன்றம் அந்த வரம்பை 350ஆகக் குறைத்தது. வரம்பு மிகவும் தாழ்ந்துவிட்டது எனக் கருதிய ஆளுநர் கையெழுத்திட மறுத்தார். அவருடைய கையெழுத்து இல்லாமலேயே அது சட்டமானது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350 பேருக்குக் கீழ் இருந்த மாவட்டங்கள் பெரிய மாவட்டங்களுடன் சேர்க்கப்பட்டன. 2004 ஜூலை 1 அன்று லேக் வியூ, பார்ட்டன்-லெக்சா பள்ளி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது.

மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் பத்தாண்டு வழக்காடிய ஊர், தான் பெற்றுத் தந்த தீர்ப்பின் பலன் வந்துசேர்ந்த வேளையில் தன் பள்ளி நிர்வாகத்தை இழந்தது. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கொதிக்கிறது. லேக் வியூவில் குறையாக இருந்தது பணமும் ஆசிரியர்களும்தான். நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட சான்றுகள் காட்டியது அதைத்தான். சிறிதாக இருப்பதே குறை என்று சட்டமன்றம் அதை மாற்றிப் படித்துக்கொண்டது. இணைப்பை ஆதரித்தவர்களின் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு: இருநூறு பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தனித்தனி ஆசிரியரை அமர்த்துவது கடினம், ஒரு மாணவருக்கு ஆகும் செலவும் கூடும். ஆனால் 350 என்ற வரம்பு, பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நன்றாக நடந்த சிறிய மாவட்டமும் தள்ளாடிய சிறிய மாவட்டமும் ஒரே கணக்கில் அடிபட்டன. கறுப்பின மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பள்ளிக் குழுக்களும் அவற்றோடு போயின. அந்த இழப்பு எந்தத் தேர்வு முடிவிலும் பதிவாகாது.

வழக்கு 2007 வரை நீண்டது. சீர்திருத்தம் போதாது என்று 2005இல் நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. 350க்குக் கீழே சென்ற மாவட்டம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்ற திருத்தம் 2015இல்தான் வந்தது. அந்த விலக்கைக் கேட்கும் மாவட்டங்களிடம் மாநிலக் கல்வி வாரியம் முதலில் கேட்க வேண்டியவை எளிமையானவை: ஒவ்வொரு பாடத்துக்கும் தகுதியுள்ள ஆசிரியர் இருக்கிறாரா, அவர் இரண்டாம் வேலை தேடாமல் வாழும் அளவுக்கு ஊதியம் பெறுகிறாரா, பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறுகிறார்களா. அவற்றுக்கு 'ஆம்' என்று பதில் தரும் மாவட்டத்தை, தலைகளை எண்ணி மூட எவருக்கும் உரிமை இல்லை. 'இல்லை' என்று பதில் வருமானால், மூடுவதற்கு முன்பு மாநிலம் தன் பங்கை முழுமையாகச் செலுத்தியதா என்பதையும் அதே கூட்டத்தில், பெற்றோர்களின் முன்னிலையில், கணக்குக் காட்ட வேண்டும்.