கமடோர் 64: சிப்பைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரை அளந்து பாருங்கள்

1982-ல் வெளிவந்த கமடோர் 64 வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று கைக்குக் கிடைத்தால், கூடவே வந்த பழைய அடாப்டரைச் செருகி ஸ்விட்சைப் போட்டு, நீலத் திரை வருகிறதா என்று பார்க்கத்தான் முதலில் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்த ரேம் சிப்புகள் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடலாம்.

செங்கல் மாதிரி கனக்கும் அந்த அடாப்டர் இரண்டு சப்ளை கொடுக்கிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை, பெரும்பாலான அடாப்டர்களில், டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து எபாக்ஸி ஊற்றி அடைத்துவிட்டார்கள். சூடு வெளியேற வழியில்லை. வருடக்கணக்கில் வெந்த ரெகுலேட்டர் கெடும்போது வோல்டேஜ் குறைவதற்குப் பதிலாக ஏறிவிடுகிறது. வழியில் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. நேரே ரேம், பிஎல்ஏ (எந்த நேரத்தில் எந்த சிப் பேச வேண்டும் என்று முடிவு செய்யும் சிப்), சிபியு என்று எல்லாவற்றுக்கும் போகிறது.

அதனால் கம்ப்யூட்டரில் செருகாமல் அடாப்டரைத் தனியாக அளக்க வேண்டும். ஏழு கால் உள்ள வட்டமான டின் (DIN) பிளக்கில் கால் எண்கள் வரிசையாக வராது. வளைவின் நட்டநடுவில் இருப்பது 2, அதுதான் கிரவுண்ட். அதன் ஒரு பக்கத்துக் காலான 5-ல் 5 வோல்ட் வரும். மறுபக்கத்துக் காலில் ஒன்றும் வராது. இரண்டு ஓரங்களிலும் இருக்கும் 6-க்கும் 7-க்கும் நடுவே 9 வோல்ட் ஏசி. சுமையில்லாமல் அளந்தால் ஏசி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பயப்பட வேண்டாம்.

5 வோல்ட்டைச் சும்மா அளந்து திருப்தி அடைந்துவிடக் கூடாது. கெட்டுக்கொண்டிருக்கும் அடாப்டரும் குளிர்ந்த நிலையில் சரியாகவே காட்டும். 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போடுங்கள். ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். ரெசிஸ்டர் 5 வாட்டுக்கு மேல் சூடாகும், ஆகவே மேஜையில் படாமல் ஒரு பீங்கான் தட்டில் வையுங்கள். அரை மணி நேரம் விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் அசையாமல் நின்றால் அடாப்டர் இப்போதைக்கு நல்லது. 4.75-க்குக் கீழே இறங்கினால் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நிற்கும், ஆனால் செத்துப்போகாது. 5.25-ஐத் தாண்டினால் அந்த அடாப்டரை வெட்டி எறிந்துவிடுங்கள், வேறு யாரும் தெரியாமல் எடுத்துச் செருகிவிடாதபடி. நல்லதாகவே இருந்தாலும் வோல்டேஜ் எகிறினால் இணைப்பைத் துண்டிக்கும் சிறிய ரிலே போர்டு ஒன்றை நடுவில் போடுவது அவசியம் என்பேன். இன்று நன்றாக இருக்கிறது என்பது நாளைக்கு உத்தரவாதம் அல்ல. போன் சார்ஜரை வெட்டி இணைத்தால் போதாதா என்றால், போதாது. 9 வோல்ட் ஏசியும் கட்டாயம் வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதில்தான் அடுத்த பழுதும் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. விளக்கு எரிவதால் சப்ளை வருகிறது என்று முடிவுகட்டி சிப்பைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அந்த விளக்கு அடாப்டரின் 5 வோல்ட்டை மட்டுமே காட்டுகிறது. பழைய நீள போர்டுகளில், படத்தை உருவாக்கும் விஐசி-2 சிப்புக்கும் கிளாக் சர்க்யூட்டுக்கும் வேண்டிய தனி 5 வோல்ட்டும், 12 வோல்ட்டும், போர்டிலேயே 9 வோல்ட் ஏசியிலிருந்து 7805, 7812 ரெகுலேட்டர்கள் வழியாக உருவாகின்றன. ஏசி வழியில் 1.5 ஆம்பியர் கண்ணாடி பியூஸ் ஒன்று உண்டு. அது போயிருந்தால் விளக்கு எரியும், படம் வராது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் பியூஸைக் கழற்றி மீட்டரில் கன்டினியூட்டி (உள்ளே கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். பிறகு இரண்டு ரெகுலேட்டர்களின் வெளியீட்டையும் அளந்துவிடுங்கள்.

சப்ளை எல்லாம் சரி, இன்னும் கறுப்புத் திரைதான் என்றால், சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி செருகுங்கள். அந்தக் காலத்துச் சாக்கெட்டுகள் காலின் ஒரு பக்கத்தை மட்டும் தொடுபவை. பிடி தளர்ந்து, கால்களும் கறுத்துப்போய் லூஸ் காண்டாக்ட் ஆகியிருக்கும். இரண்டு முனைகளையும் மாறி மாறி நெம்பித் தூக்குங்கள், ஒரே பக்கம் தூக்கினால் கால் மடங்கி ஒடியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, சிப்பின் வெட்டுக்குறி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துச் செருகுங்கள். திருப்பிப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் சிப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

இனி ரேம். பெரும்பாலான போர்டுகளில் எட்டு 4164 சிப்புகள். ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்களும் எட்டு சிப்புகளில் பிரிந்து கிடப்பதால், ஒரே ஒரு சிப் போனாலும் மொத்த நினைவகமும் குழம்பிவிடும். ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் ஆள். எம்டி என்று முத்திரை உள்ளவை அதிகம் கெடும் என்று பெயரெடுத்தவை. ஆனால் சூடாகாமலேயே கெட்ட சிப்புகளும் உண்டு. அதற்கு டெட் டெஸ்ட் என்ற சோதனை கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும். கம்ப்யூட்டரின் சொந்த நிரல்கள் பதிந்த பேசிக், கெர்னல் ரோம்கள் இல்லாமலேயே அது ஓடும். ரேமில் கோளாறு இருந்தால் திரையை மின்னவைத்து, எத்தனை மின்னல் என்ற கணக்கில் எந்த சிப் என்று சொல்லிவிடும். அதைப் போட்டும் திரை கறுப்பாகவே இருந்தால் ரேமைத் தொடாதீர்கள். பிஎல்ஏ, சிபியு, விஐசி, கிளாக் பக்கம் பாருங்கள். 6510 சிபியுவின் 40-வது காலில் ரீசெட் சிக்னல் இருக்கிறது; ஸ்விட்ச் போட்ட சற்று நேரத்தில் அது கீழிருந்து 5 வோல்ட்டுக்கு அருகில் ஏற வேண்டும்.

இந்தப் போர்டுகளில் பழுதைவிட, பழுது பார்த்தவர் பிய்த்த செம்புத் தடங்கள்தான் பெரிய தலைவலி. ரேம் சிப் பொதுவாக நேரடியாக சாலிடர் செய்யப்பட்டிருக்கும். கெட்டது என்று உறுதியானால் அதை முழுதாகக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கூர்மையான கட்டரால் பதினாறு கால்களையும் உடலை ஒட்டி வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஃபிளக்ஸ் தடவி, கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, 350 டிகிரி வாக்கில் சூடாக்கி, காலை ட்வீசரால் மெதுவாக உருவுங்கள். இழுத்து எடுக்கக் கூடாது. ஈயம் உருகினால் கால் தானாக வழுக்கி வரும். 4164-ல் 8-வது கால் 5 வோல்ட், 16-வது கால் கிரவுண்ட், வழக்கமான லாஜிக் சிப்புகளுக்கு நேர் எதிர். இந்த இரண்டு கால்களும் அகலமான செம்புத் தடத்தில் உட்கார்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பொறுமை இழந்து அழுத்தினால் பேட் (துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம்) உரிந்துகொண்டு வந்துவிடும். துளைகளைப் பம்பால் சுத்தம் செய்து, நல்ல சாக்கெட் வைத்து, 150 அல்லது 200 நானோசெகண்ட் 4164 போடுங்கள். பெயர் ஒத்திருக்கிறதே என்று 4116 வாங்கிவிடாதீர்கள், அதற்கு மூன்று விதமான சப்ளை வேண்டும்.

எல்லாம் சரியானால் திரையில் 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்று வரும். எண் குறைவாக வந்தால் ரேம் வேலை இன்னும் முடியவில்லை.

ஒலி சிப் மாற்றுபவர்கள் போர்டு எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 6581-க்கு 12 வோல்ட், பின்னாளில் வந்த 8580-க்கு 9 வோல்ட். 8580-ஐ 12 வோல்ட் போர்டில் போட்டால் கெட்டுவிடும். ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் வேறு. சில போர்டுகளின் மேல் மூடியிருக்கும் ஃபாயில் ஒட்டிய அட்டை சூட்டை அடைக்கும், எடுத்துவிடலாம். இரும்புத் தகடு சிப்புகளைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஹீட் சிங்க்; பழைய பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவி அப்படியே வையுங்கள்.

கீபோர்டில் தனித்தனியாகச் சில எழுத்துகள் விழவில்லை என்றால் உள்ளே அழுக்கு. பின்பக்கம் நிறையச் சிறு திருகுகள். அவற்றுக்கு முன் ஷிஃப்ட் லாக் வயர்கள் இரண்டையும் டிசால்டர் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் போர்டு பிரியாது. தடங்களையும் ரப்பர் முனைகளையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் லேசாகத் துடைத்தால் போதும், உரசித் தேய்க்காதீர்கள். ஒரு வரிசை முழுக்க விழவில்லை என்றால் அழுக்கு அல்ல, போர்டில் யு1 என்று குறித்த இடத்தில் உள்ள 6526 சிஐஏ, அதாவது கீபோர்டைக் கவனிக்கும் சிப். யு2-வில் இருப்பதும் அதே சிப்தான். இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள், கீபோர்டு சரியாகிவிட்டால் சிப் கெட்டது உறுதி. அந்த யு1-க்கு நேராகத்தான் ஜாய்ஸ்டிக் போர்ட்டின் கால்கள் போகின்றன. விரல் பட்டு ஒரு ஸ்டாட்டிக் பொறி தெறித்தாலே அது போய்விடும், எனவே ஜாய்ஸ்டிக்கைச் செருகுவதும் கழற்றுவதும் ஸ்விட்சை அணைத்த பிறகுதான்.