தெகாலே: முன்னாடியா, பின்னாடியா?

புதுச்சேரியில் ‘விசேஷத்தைத் தள்ளி வெச்சிட்டாங்க’ என்றால் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. பிரான்சுக்கு வந்த புதிதில் தொலைபேசியில் அடிக்கடி காதில் விழும் ‘தெகாலே’ என்ற பிரெஞ்சுச் சொல் அப்படி இல்லை. நேரம் நகர்கிறது, அவ்வளவுதான் அந்த வினையின் பொருள். பெரும்பாலும் பிந்திய நேரத்துக்குத்தான் சொல்வார்கள். ஆனால் முன்னால் இழுப்பதற்கும் அதையே சொல்வதுண்டு. எனவே மருத்துவமனையிலிருந்து அழைத்துத் தெகாலே என்றால், உடனே ‘ப்ளூ தோ, ஊ ப்ளூ தார்?’ என்று கேளுங்கள். முன்னாடியா, பின்னாடியா?

அடுத்த சிக்கல் ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது. காலை 11 மணி சந்திப்பை ‘தெ தேஸர்’ நகர்த்தினால் இரண்டு மணி நேரம் தள்ளி, பகல் 1 மணி. ‘அ தேஸர்’ என்றால் 2 மணிக்கு. வேகமாகப் பேசும்போது இந்த ‘தெ’யும் ‘அ’வும் சரியாகக் கேட்காது. 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லி உறுதி செய்வதுதான் வழி: 13-ஆ, 14-ஆ?

குழப்பமே இல்லாத சொற்களும் உண்டு. ‘ரப்போர்த்தே’ பிந்தியதற்கு மட்டும், ‘அவான்சே’ முந்தியதற்கு மட்டும். ஆனால் அவான்சேவைக் கடிகாரத்துக்குச் சொல்லும்போது கவனம் தேவை. 3 மணிக் கூட்டத்தை ஒரு மணி நேரம் அவான்சே செய்தால் 2 மணி. மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை அவான்சே செய்தால் 2 மணி 3 ஆகிவிடும். அன்றிலிருந்து ஊருக்கும் பாரீசுக்கும் இடையிலான நாலரை மணி நேரம் மூன்றரையாகக் குறையும். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து இரவு 8 மணிக்கு அம்மா செய்யும் போன், குளிர்காலத்தில் இங்கே மாலை 3.30-க்கு வரும், கோடையில் 4.30-க்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடி மாறும்.

‘தான் உயி ஜூர்’, எட்டு நாளில், என்று தள்ளினால் அடுத்த வாரம் அதே கிழமை. ‘கேன்ஸ் ஜூர்’ என்பது பதினைந்தாகச் சொல்லப்பட்டாலும் சரியாக இரண்டு வாரம். இன்றைக்கும் சேர்த்து எண்ணும் நம் ஊர் எட்டாம் நாள் கணக்கேதான். இன்றைக்கை விட்டு நாளையிலிருந்து விரல்விட்டு 15 எண்ணினால் ஒரு நாள் தாமதம்.

நீங்களே நேரம் மாற்றக் கேட்கும்போது ‘ஜெ வூத்ரே தெகாலே மோன் ராந்தேவூ’ (என் சந்திப்பு நேரத்தை மாற்ற விரும்புகிறேன்) என்று தொடங்குங்கள். ‘அனுலே’ என்ற சொல் வாயில் வரவே வேண்டாம், அது ரத்து. புது நேரம் கையில் வருமுன் பழையது போய்விடும்.