கேம் நடுவில் டிஸ்ப்ளே போவது: ஒரு தொல்லையைத் தேடிப் பிடித்த கதை

கேமிங் கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்த தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இதற்காக நான் விசாரித்த இடங்களில் பாதிப் பேர் "டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு" என்றார்கள், மீதிப் பேர் "கிராபிக்ஸ் கார்டை மாற்று" என்றார்கள், இரண்டுக்குமே இங்கே வேலை இருக்கவில்லை.

மெஷின் இதுதான்: ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு, 750 வாட் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி), 2560×1440-இல் 165 ஹெர்ட்ஸ் வரை போகும் மானிட்டர். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் கண்ணாடிப் பக்கம் வைத்த புது கேபினெட் வாங்கினேன். கார்டு வெளியில் தெரிய வேண்டும் என்ற ஆசையில் அதை ரைசர் கேபிள் (கார்டையும் போர்டின் ஸ்லாட்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) போட்டுச் செங்குத்தாக நிறுத்தினேன். கேபினெட் மேஜைக்குக் கீழே போனதால் மானிட்டருக்குப் பழைய கேபிள் எட்டவில்லை, 3 மீட்டர் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் ஒரே வார இறுதியில் நடந்தவை. வினை அங்கேதான் ஆரம்பம்.

அதன்பிறகு திரை கருப்பாக ஆரம்பித்தது. சில சமயம் ஒரு நொடி போய்த் திரும்பி வரும், சில சமயம் வரவே வராது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடைக்காரர் நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே, "கார்டு போயிடுச்சு சார், சிப்பைக் கழட்டி வெச்சாதான் சரியாகும், இப்ப சின்னதா காட்டுது, அப்புறம் மொத்தமா போயிடும்" என்றார். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றதும் யாருக்குமே முதல் சந்தேகம் அதன் மேல்தான் போகிறது, அதிலும் 2020-இல் வந்த வகை, கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங் வேலைக்கு ஓட்டிய கார்டாக இருக்கும் என்று எல்லோரும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். எனக்கு உடனே பணத்தை எடுத்து நீட்ட மனமில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு முறை கருப்பாகும்போதும் என்ன நடக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். சத்தம் தொடர்ந்து வருகிறதா, கேப்ஸ் லாக் அழுத்தினால் கீபோர்டு விளக்கு மாறுகிறதா, கார்டின் விசிறி திடீரென்று கத்துகிறதா, மானிட்டர் "நோ சிக்னல்" காட்டுகிறதா, அந்த நேரம் கேம் ஓடியதா அல்லது சும்மா டெஸ்க்டாப்பா. இதை எழுத ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புலப்பட்டது. இரண்டு வகை இருந்தது. ஒன்றில் திரை மட்டும் ஒரு நொடி அணைந்து வருகிறது, கேம் பாட்டுக்கு ஓடுகிறது, ஹெட்போனில் நண்பன் "டேய், பின்னாடி வர்றான் பாரு" என்று கத்துவதுகூடத் தடையில்லாமல் கேட்கிறது, டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போதும் வருகிறது. இன்னொன்று கனமான கேமில் மட்டும்: முதலில் கேம் திக்கித் திக்கி ஓடும், அப்புறம் திரை போகும், சத்தம் ஒரே துண்டில் மாட்டிக்கொண்டு ர்ர்ர் என்று இழுக்கும், கேப்ஸ் லாக் விளக்கு மாறாது. முதலாவதற்குச் சிமிட்டல் என்றும் இரண்டாவதற்கு மயக்கம் என்றும் நோட்டில் பெயர் வைத்தேன். கடைக்காரர் கணக்கில் ஒன்று முற்றி மற்றதாக ஆகிறது. ஆனால் நோட்டில் அப்படி ஒரு தொடர்ச்சி தெரியவில்லை. சிமிட்டல் அடிக்கடி வந்த நாளில் மயக்கம் ஒன்றுகூட வரவில்லை, மயக்கம் வந்த நாளில் அதற்கு முன்னால் சிமிட்டலே இல்லை.

டிரைவர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு (இல்லையென்றால் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்), சேஃப் மோடில் போய் டிடியூ என்ற டிரைவர் துடைக்கும் மென்பொருளை வைத்துப் பழையதைத் துடைத்து, புதியதைப் போட்டேன். மாற்றமில்லை. இரண்டு பதிப்பு பழைய டிரைவரும் போட்டுப் பார்த்தேன், அதிலும் அப்படியே. மல்டிபிளேன் ஓவர்லே என்ற விண்டோஸின் திரை அடுக்கு வசதியை ரெஜிஸ்ட்ரியில் அணைத்துப் பார்த்தேன், பலருக்கு ஃப்ளிக்கர் அதில்தான் நின்றிருக்கிறது, எனக்கு நிற்கவில்லை, திரும்ப ஆன் செய்துவிட்டேன்.

இதற்குப் பிறகு உருப்படியான தகவல் கொடுத்தது ஈவென்ட் வியூவர், அதாவது விண்டோஸ் தன் பிழைகளை எழுதி வைக்கும் பதிவேடு. விஸ்டா காலத்தில் இருந்தே விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது: கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால் டிரைவரைத் தானே ரீசெட் செய்து திரையைத் திரும்பக் கொண்டுவரும், அப்படிச் செய்து முடித்தால் ஈவென்ட் 4101 என்று பதிவும் விழும். சிமிட்டல் வந்த நேரங்களை நோட்டில் பார்த்து ஈவென்ட் வியூவரில் தேடினால் 4101 இல்லை, வேறு எதுவுமே இல்லை. அதாவது திரை அணைந்து வந்ததே விண்டோஸுக்குத் தெரியாது. அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது கார்டின் பின்பக்க போர்ட்டில் இருந்து மானிட்டர் வரை உள்ள பாதையை.

மயக்கம் வந்த நேரங்களில் அதே பதிவேட்டில் கர்னல்-பவர் 41 என்ற பதிவு சிவப்பாக நிற்கும். இதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அது "போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது, நாமே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே பதிவுதான். கவனிக்க வேண்டியது அதற்குச் சற்று முன்னால் மஞ்சள் எச்சரிக்கையாக வரிசை கட்டி நின்றது: வியா-லாகர் (ஹார்டுவேர் பிழைகளை எழுதுவது), ஈவென்ட் 17, பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) ரூட் போர்ட்டில் பிழை, திருத்தப்பட்டது. ஒன்றிரண்டு இல்லை, கேம் ஓடிய நேரம் முழுக்கப் பக்கம் பக்கமாக. திருத்தப்பட்டது என்று எழுதியிருப்பதால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆக, இரண்டு வகைக்கும் பதிவுகளே வேறு. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சிமிட்டல் முதலில். மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன், ஒரு மாலை முழுக்க ஒருமுறைகூட வரவில்லை. திரும்ப 165, நிறத்தில் 10 பிட், உடனே ஆரம்பித்துவிட்டது. இதற்குக் கணக்கு சுலபம். 2560×1440 புள்ளிகள், நொடிக்கு 165 தடவை, புள்ளிக்கு 30 பிட் (மூன்று நிறத்துக்கும் பத்துப் பத்து) என்று பெருக்கினால் 18 ஜிகாபிட் சொச்சம், வரிகளுக்கு இடையில் விடும் காலி இடைவெளியும் சேர்ந்தால் 20-ஐத் தாண்டும். டிஸ்ப்ளேபோர்ட்டின் பழைய வேக நிலையான எச்பிஆர்2-இல் உருப்படியாகப் போவது 17.28 ஜிகாபிட்தான், அதனால் அடுத்த வேக நிலையான எச்பிஆர்3-க்குப் போயே ஆக வேண்டும். அதில் 25.92 வரை போகும், ஆனால் ஒவ்வொரு ஜோடிக் கம்பியிலும் 8.1 ஜிகாபிட் ஓட வேண்டும். அந்த வேகத்தில் 3 மீட்டர் சாதாரணச் செம்புக் கேபிள் என்பது ரொம்பப் பெரிய தூரம். சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலும் இணைப்பு அறுந்து, கார்டும் மானிட்டரும் மறுபடி முதலில் இருந்து வேகம் பேசி முடிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நொடிதான் நமக்குக் கருப்பாகத் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. நாற்காலியில் இருந்து எழும்போது சில தடவை திரை சிமிட்டியது. முதலில் நானே நம்பவில்லை. உயரம் ஏற்றி இறக்க கேஸ் சிலிண்டர் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது உண்டாகும் நிலைமின்சாரம் வானொலி அலை போலப் பரவி, கவசம் சரியில்லாத டிஸ்ப்ளே கேபிளைக் குழப்பும் என்பது பலரும் சோதித்த உண்மை. என் அறையில் டியூப்லைட் சுவிட்சைப் போட்டாலும் அதே வேலை நடந்தது. வேண்டுமென்றே ஐந்தாறு தடவை எழுந்து உட்கார்ந்து சோதித்ததை வீட்டில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கேபிள் உறையில் "8கே" என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அது யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பு சோதித்துச் சான்று கொடுத்த டிபி8கே கேபிள் என்பது வேறு, அதில்தான் எச்பிஆர்3 வேகத்துக்கு உத்தரவாதம் உண்டு. சான்று பெற்ற, 2 மீட்டருக்குள் உள்ள ஒன்றை வாங்கினேன், எட்டுவதற்காக கேபினெட்டை மேஜைக்குக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டியிருந்தது. சிமிட்டல் அன்றோடு நின்றது, நாற்காலி ஆடினாலும் சரி, டியூப்லைட் போட்டாலும் சரி. மலிவுக் கேபிளில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 20-வது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது, சாதாரணக் கேபிளில் அது இரண்டு முனைக்கும் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. இணைத்து வைத்த கேபிள்களும் கடையில் இருக்கின்றன, அதில் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் மானிட்டரில் இருந்து கார்டுக்கு மின்சாரம் போகும், சில மெஷின் ஆன் ஆகவே அடம்பிடிக்கும். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை.

மயக்கம் அவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை, ஏனென்றால் அது எஸ்எம்பிஎஸ் கோளாறு போலவே நடித்தது. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினால் மயக்கம் குறைந்தது. இதைப் பார்க்கிற யாரும் மின்சாரம் போதவில்லை என்றுதான் சொல்வார்கள். 3070-க்குக் கணக்குப்படி 220 வாட், ஸ்லாட் தருவது 75, 8-பின் மின் இணைப்பு ஒவ்வொன்றும் 150, என் கார்டில் அப்படி இரண்டு, தாராளம். ஒரே கேபிளில் இருந்து கிளை பிரித்துக் கொடுத்திருந்ததை மாற்றி இரண்டு தனிக் கேபிள் போட்டேன், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான், ஆனால் மயக்கம் போகவில்லை. நண்பனின் 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கொண்டுவந்து மாட்டியும் அதே கதை. பவரைக் குறைத்தால் ஃப்ரேம் குறைகிறது, ஃப்ரேம் குறைந்தால் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் ஓடும் தரவும் குறைகிறது, மயக்கம் குறைந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கார்டு மெமரியையும் சோதித்தேன். விடியோ மெமரி கெட்டால் திரையில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள், கலர் புள்ளிகள் எல்லாம் தெரியும், பல சமயம் விண்டோஸ் வருவதற்கு முன்னால் உள்ள பயாஸ் (போர்டின் அமைப்பு) திரையிலேயே தெரியும். எனக்கு அப்படி ஒன்றுமே இல்லை. ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் விடியோ மெமரி சோதனையைத் தூங்கப் போகுமுன் ஓடவிட்டேன், காலையில் பிழை பூஜ்ஜியம். கடைக்காரர் சொன்ன கதை இந்த இடத்தில் படுத்துவிட்டது.

மிச்சம் இருந்தது அந்த ஈவென்ட் 17. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் (பிசிஐ எக்ஸ்பிரஸ் எந்தத் தலைமுறை வேகத்தில் ஓடுகிறது என்று அங்கே தெரியும்) பார்த்தால், சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும், அது மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக இறங்குவது, பயப்பட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மை தெரியும். 4.0 என்று ஏறியது, ஏறிய கையோடு ஈவென்ட் 17-ம் கொட்ட ஆரம்பித்தது. கேபினெட்டோடு சேர்த்து வாங்கிய ரைசர் கேபிளின் பெட்டியைத் தேடி எடுத்துப் படித்தேன், அது பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாக பிசிஐஇ) 3.0-க்கானது. ஒரு பாதைக்கு நொடிக்கு 8 ஜிகா பரிமாற்றம் தாங்கும்படி செய்த கேபிளில் 16 ஓடுகிறது. பயாஸில் ஸ்லாட் வேகம் ஆட்டோ என்று இருந்தால், கார்டும் போர்டும் இரண்டுமே 4.0 என்பதால் அதற்கே ஒத்துக்கொள்கின்றன, நடுவில் இருக்கும் கேபிள் எது என்று கேட்க அவற்றுக்கு வழியே இல்லை. வரும் பொட்டலம் சிதைந்திருந்தால் பிசிஐஇ அதைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பச் சொல்லும், அதுதான் "திருத்தப்பட்டது". அப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் மயக்கத்துக்கு முன்னால் வந்த திக்கல். ஒரு கட்டத்தில் திருத்த முடியாத அளவுக்குப் போனால் இணைப்பே விழுந்துவிடும்.

பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென்3 (அதாவது 3.0 வேகம்) என்று கட்டாயப்படுத்தினேன். ஈவென்ட் 17 அந்த நிமிடமே நின்றது. அத்தோடு விடாமல், ரைசரைக் கழற்றிக் கார்டை நேராகப் போர்டில் செருகி ஜென்4 வைத்தேன், பிழை இல்லை. திரும்ப ரைசரை மாட்டி ஜென்4, வந்துவிட்டது. இப்படிப் போட்டு எடுத்துப் போட்டுப் பார்க்காமல் நான் எதையும் தீர்ந்ததாக எடுத்துக்கொள்வதில்லை, சும்மா கழற்றி மாட்டினதிலேயே சரியாகிவிடும் கோளாறுகளும் உண்டு.

இதே ஏற்பாட்டில் சிலருக்கு ஆன் செய்ததுமே டிஸ்ப்ளே வராது. 5600-இல் சொந்த கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே பயாஸுக்குள் போய் மாற்றவும் வழியில்லை. கார்டை முதலில் நேராகப் போர்டில் செருகி, ஜென்3 என்று சேமித்துவிட்டு, அப்புறம் ரைசரை மாட்ட வேண்டும். சிமாஸ் பேட்டரியைக் கழற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ அது திரும்ப ஆட்டோவுக்குப் போய்விடும், அன்றைக்கு மறுபடி கருப்புத் திரைதான். 5600ஜி வைத்திருப்பவர்களுக்கு இந்த வம்பு வராது, அந்தச் சிப்பே பிசிஐஇ 3.0 வரைதான்.

ஜென்3-இல் வேகம் குறையுமே என்று கேட்பார்கள். 16 பாதை முழுக்க உள்ள கார்டில் என் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல 4 பாதை மட்டும் வைத்த கார்டு என்றால் அது வேறு பேச்சு, அங்கே ஜென்3 நன்றாகவே அடிக்கும்.

இப்போது ரைசர் பெட்டிக்குள் போய்விட்டது. ஜென்3-இல் அப்படியே விட்டிருக்கலாம், ஆனால் கார்டின் விசிறி கண்ணாடியை ஒட்டி நின்றதில் காற்றும் போதவில்லை, நேராகச் செருகியதும் சூடு சில டிகிரி இறங்கியது. கார்டு கனம் என்பதால் முனை தொங்காமல் இருக்க அடியில் ஒரு தாங்கி வைத்திருக்கிறேன். வியா-லாகர் சுத்தம், சிமிட்டலும் இல்லை. ஒன்று மட்டும் பாக்கி: மானிட்டரின் பட்டனை அழுத்தி அணைத்தால் டிஸ்ப்ளேபோர்ட் அதைக் கழற்றிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது, திறந்து வைத்த விண்டோ எல்லாம் பக்கத்து மானிட்டருக்கு ஓடிவிடுகின்றன. மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப் என்று ஒன்று இருக்கிறது, அடுத்து அதை அணைத்துப் பார்க்க வேண்டும்.