நீட்டிய காலோடு சேர்வராயன் சன்னதியில்

ஏற்காட்டு மலைச் சாமி சேர்வராயனிடம் அத்தை வேண்டிக்கொண்டது ஒரே ஒரு வரிதான். "என் பையன் அவன் காலாலயே நடந்து உன் வாசலுக்கு வருவான்." அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை நிறைவேற்ற எங்களுக்குப் பதினைந்து மாதம் ஆனது.

கார்த்திகை மாதத்து மழை இரவில், பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், தண்ணீர் நிறைந்திருந்த பள்ளம் தெரியாமல் என் கணவர் வண்டியோடு விழுந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டாக முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் முட்டி மடங்கவில்லை. இவர் செய்வது வெள்ளிக் கொலுசு வேலை. சேலத்தில் பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து, கண்ணி கண்ணியாகப் பற்றவைக்க வேண்டும். கால் மடங்காதவனுக்குப் பட்டறையில் இடமில்லை. முதலாளி நல்லவர், ஒரு ஸ்டூலும் பலகையும் போட்டுக் கொடுத்தார். ஆனாலும் பதினான்கு வயதிலிருந்து தரையில் உட்கார்ந்து பழகிய உடம்பு அது.

அந்த நாட்களில் இவரை மாடி அறையில்தான் படுக்க வைத்திருந்தோம். கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே ஏற்காட்டு மலை. ராத்திரியானால் மலைப்பாதையில் வண்டி விளக்குகள் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும். அத்தை இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை பிறந்தது மலை அடிவாரத்துக் கிராமம். சின்ன வயதில் அவருடைய அப்பாவின் தோளிலும் தன் காலிலுமாக மே மாதத் திருவிழாவுக்கு மலை ஏறிப் போனவர். வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது "சேர்வராயா, காவேரித் தாயே" என்பதுதான். அப்படி ஒரு ராத்திரியில்தான் இந்த வேண்டுதலும் வைத்தார்.

சரி, நடந்து போவது என்றால் எங்கிருந்து நடப்பது? இதற்கே வீட்டில் ஒரு மாதம் பேச்சு ஓடியது. அத்தை மனதில் இருந்தது பழைய காட்டுப் பாதை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஆரம்பித்துக் குண்டூர் வழியாக ஏறுவது. அதை இப்போது வனத்துறை மலையேற்றப் பாதையாக்கி, முன்பதிவு செய்தவர்களை மட்டும் வழிகாட்டியோடு அனுப்புகிறது. நல்ல காலுக்கே கடினமான ஏற்றம், இவருக்கு ஆகாது. அடிவாரத்திலிருந்து தார் ரோட்டிலேயே ஏறலாம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவில் ஒதுங்க இடமில்லாமல் பஸ்ஸும் லாரியும். பிசியோதெரபி செய்கிறவர்தான் தெளிவாகச் சொன்னார்: "ஏறுறது பரவாயில்ல. இறங்குறதுதான் முட்டிக்குக் கெடுதல். அஞ்சாறு கிலோமீட்டர் ஏறட்டும், திரும்ப வண்டியில கூட்டிட்டு வந்துடுங்க."

அப்படித்தான் முடிவானது. ஏற்காடு வரை பஸ். ஏரியிலிருந்து சேர்வராயன் கோவில் வரை, சுமார் ஆறு கிலோமீட்டர், நடை. சுற்றுலா வருகிறவர்கள் காரில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடுகிற தூரம். எங்களுக்கு அதுவே யாத்திரை. இதற்காக இரண்டு மாதம் குமரகிரி முருகன் கோவிலில் பயிற்சி எடுத்தார். முதல் நாள் பத்துப் படி. மறுவாரம் முப்பது. ஒரு நாள் மேலே போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்தார், அன்று ராத்திரி முட்டி பலூன் மாதிரி வீங்கி மூன்று நாள் ஐஸ் வைத்தோம். அதன் பிறகு அளவோடு நடந்தார்.

மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நான். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமும், ரோடு வழுக்கும். சித்திரை, வைகாசியில் கோடை விழாக் கூட்டம், நிற்க இடமிருக்காது. மாசியில் காலைக் குளிர் இருக்கும், வானம் தெளிவாக இருக்கும், வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சனி, ஞாயிறு கூடவே கூடாது என்று புதன்கிழமையாகப் பார்த்தோம். நடக்க வேண்டியவர்கள் இதையெல்லாம் யோசித்தே கிளம்புங்கள். தண்ணீர் கீழேயிருந்தே எடுத்துப் போங்கள். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். வெறுங்காலோடு போக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். கோவில் வாசலில் ஷூவைக் கழற்றினால் போதும் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

காணிக்கைக்கு வெள்ளிக் கால் உரு வேண்டும். கடையில் தகட்டில் அடித்ததே கிடைக்கும். இவர் கேட்கவில்லை. ஒரு வாரம் வேலை முடிந்த பிறகு பட்டறையிலேயே இருந்து, தன் வெள்ளியில் தன் கையால் ஒரு வலது கால் செய்தார். கட்டைவிரல் அளவுதான், ஐந்து விரலுக்கும் நகக்கோடு போட்டிருந்தார். கணுக்காலில் ஒரு மயிரிழைக் கொலுசு. "ஆம்பளக் காலுக்கு எதுக்குங்க கொலுசு?" என்றேன். "அந்தக் காலுதான இத்தன வருசம் கொலுசு செஞ்சு சோறு போட்டுச்சு" என்றார்.

விடிவதற்கு முன்பே பஸ் ஏறினோம். வளைவுகளில் நம்பர் பலகை வர வர அத்தை விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் இறங்கியபோது ஸ்வெட்டரைத் தாண்டிக் குளிர் ஏறியது. ஒண்டிக்கடையில் சூடாக ஒரு காப்பி. இங்கே 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து வைத்த காப்பிச் செடிதான் இன்று மலை முழுக்க இருக்கிறது. அந்தக் காப்பியை அந்தக் குளிரில் குடிக்க வேண்டும்.

ஏழரைக்கு நடக்க ஆரம்பித்தோம். இவர் கையில் ஊன்றுகோல், நான் பக்கத்தில், அத்தை பத்தடி முன்னால். அறுபத்தெட்டு வயதில் அவர் நடந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. சில வீட்டு வாசல்களில் காப்பிக் கொட்டை காயப் போட்டிருந்தார்கள். அங்கங்கே நின்று, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துப் போனோம். ராஜராஜேஸ்வரி கோவிலில் ஒரு கும்பிடு.

கடைசி ஏற்றம்தான் சோதனை. அதுவரை பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தினார். முகம் வெளுத்து, மேல் உதட்டில் வியர்வை. ஒவ்வொரு அடிக்கும் வலது காலைப் பக்கவாட்டில் வீசித்தான் எடுத்து வைக்க முடிந்தது. ஒரு கார்க்காரர் வண்டியை நிறுத்தி, "ஏறிக்கோங்கண்ணா, மேல விட்டுடறேன்" என்றார். நல்ல மனசு, நன்றாக இருக்கட்டும். இவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. புடவை முந்தானையை வாயில் பொத்தியபடி முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பிள்ளை படுகிற வலியைப் பார்த்தால் "போதும் சாமி, வண்டியில ஏறு" என்று தானே சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. இதை அப்புறம்தான் சொன்னார்.

பத்தேகாலுக்கு மேலே கால் வைத்தோம். கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி. உச்சி என்றால் கூராக இருக்கும் என்று நினைப்பீர்கள். சேர்வராயன் மலை உச்சி பரந்த வெட்டவெளி, மைதானம் மாதிரி புல்வெளி, நிற்க விடாத காற்று.

புதன்கிழமை என்று பார்த்து வந்தும் கூட்டம் இருந்தது. எங்கிருந்தோ இரண்டு டூரிஸ்ட் பஸ் நிறையப் பிள்ளைகள், கையில் பாட்டு அலறும் ஸ்பீக்கர். குகை வாசலிலேயே நின்று செல்பி. இது மலை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடும் சாமி. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும், மலையாளி என்கிற இந்த மலைப் பழங்குடி மக்களுக்கு இந்த மலையே சாமி. அங்கே பாட்டை நிறுத்தக்கூடவா தோன்றாது? பூசைத் தட்டை வலியக் கையில் திணித்துவிட்டு, ஏரிக்கரை விலையைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார் ஒருவர். தேங்காய்ப் பையைக் குரங்கு பிடுங்கியது. நான் சண்டைக்குப் போயிருப்பேன், அத்தை கையைப் பிடித்து நிறுத்தினார்: "சாமியப் பாக்க வந்துட்டு வாய விடாத கண்ணு."

வரிசை மெல்ல நகர்ந்தது. குகைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே இருட்டு, ஈரம், கற்பூர வாசம். இந்தக் குகை வழி காவிரி வரை போகிறது என்று மலை மக்கள் சொல்வார்கள். பாறையில் கை வைத்தால் ஜில்லென்றிருக்கும் ஈரத்தைத் தொட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சேர்வராயனும் காவேரி அம்மனும் விளக்கு வெளிச்சத்தில். முன்னால் போனவர்கள் மண்டியிட்டுக் கும்பிட்டு நகர்ந்தார்கள். எங்கள் முறை வந்தது. இவரால் மண்டியிட முடியாது. குனிந்தபடி நெடுநேரம் நிற்கவும் முடியாது, முட்டி நடுங்க ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்தால் வலது கால் நேராகத்தான் நீளும். அந்தக் குறுகலான இடத்தில் அது நீளும் திசை சாமி இருக்கும் திசை. பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "சாமிக்கு நேரா எப்படிம்மா காலை நீட்டுறது?" என்று அத்தையிடம் கேட்டார். பதினைந்து மாதத்தில் ஆபரேஷன் வலிக்குக்கூட அழாதவர் குரல் உடைந்தது. நடந்து வந்ததெல்லாம் வீணாகிவிட்டதோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். இவர் கையிலிருந்த வெள்ளிக் காலையும் பார்த்தார். "உக்காருங்க" என்றார். "அந்தக் காலக் காட்டத்தான வந்தீங்க. அவரு பாக்கட்டும்."

இவர் பாறையில் முதுகை உரசிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தார். கால் நீண்டது. பூசாரி தீர்த்தத்தை முட்டியில் தெளித்து, தழும்பு இருக்கும் இடத்தில் பேண்ட்டின் மேலேயே குங்குமம் வைத்தார். வெள்ளிக் காலை வாங்கிச் சாமி பாதத்தில் வைத்து, கற்பூரம் ஏற்றினார். அத்தை ஒன்றும் வேண்டவில்லை. பிள்ளையின் நீட்டிய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "வந்துட்டான் பாரு, வந்துட்டான் பாரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கல்லூரிப் பிள்ளைகளில் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஸ்பீக்கர் எப்போது நின்றது என்று தெரியவில்லை. இவரைத் தூக்கி நிறுத்தக் கை கொடுத்ததும் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர்தான். வாசலில் அவர்கள்மேல் கோபப்பட்டதற்குச் சேர்வராயனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து புல்வெளியில் புளிசாதம் சாப்பிட்டோம். மலை மலையாக விரிந்து கிடக்கும் அந்தக் காட்சியை நான் எழுதத்தான் வேண்டும், ஆனால் நான் பார்த்தது இவர் பேண்ட்டில் இருந்த அந்தக் குங்குமத்தைத்தான்.

திரும்ப ஏரிக்கு ஆட்டோக்காரர் கேட்ட தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை. ஏறும்போதே இறங்குவதற்கும் வண்டி பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய்ப் பேசினால் அவர் வைத்ததுதான் விலை.

பேண்ட்டைத் துவைக்கப் போட அத்தை விடவில்லை. மடித்துப் பூசை அலமாரியில் வைத்திருக்கிறார். முட்டி இன்னும் முழுதாக மடங்கவில்லை, போன மாதத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக மடங்குகிறது. சேர்வராயா, காவேரித் தாயே, அதுவே எங்களுக்குப் பெரிது. மே மாதத் திருவிழாவுக்குத் தேர் பார்க்க வருகிறோம். பட்டறையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்த அதே முதலாளியிடம் இரண்டு நாள் லீவும் இப்போதே இவர் சொல்லி வைத்துவிட்டார்.